கோச் லூமாவின் நிபந்தனைகள்

2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த கிளார்க்ஸ்டன் என்ற சிற்றூரின் மேயர் லீ ஸ்வேனி, தாம் பதவியில் இருக்கும்வரை ஊர்ப் பூங்காவின் மைதானத்தில் கால்பந்துக்கு இடமில்லை என்று பத்திரிகையிடம் சொன்னார். அந்த மைதானம் பேஸ்பாலுக்கானது, கால்பந்துக்காகப் போடப்பட்டதல்ல என்பது அவர் காட்டிய காரணம். பேஸ்பால் ஆடும் சிறுவர்கள் அந்த ஊரில் அதற்குள் அருகிப்போயிருந்தார்கள். கால்பந்து ஆடத் துடித்தவர்களோ ஏராளம். அவர்கள் லைபீரியா, காங்கோ, புருண்டி, சூடான், சோமாலியா, இராக், ஆப்கானிஸ்தான், போஸ்னியா, கொசோவோ என்று போர் தின்ற நாடுகளிலிருந்து வந்த அகதிக் குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களுக்கு ஓர் அணி இருந்தது. ரெஃப்யூஜி என்ற சொல்லின் பின்பாதியை எடுத்து அதற்கு ‘ஃப்யூஜீஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த அணியை உருவாக்கி நடத்திக்கொண்டிருந்தவர் ஜோர்டானில் பிறந்த லூமா முஃப்லே என்ற பெண்.

அடுத்த ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் இந்தக் கதையைப் பெரிய அளவில் வெளியிட்டது. எழுதியவர் வாரன் செயின்ட் ஜான். 2009இல் அவரே அதை ‘அவுட்காஸ்ட்ஸ் யுனைடெட்’ என்ற நூலாக விரித்தார். நன்கொடைகள் குவிந்தன, திரைப்பட நிறுவனமும் உரிமை கேட்டு வந்தது. ஏழைச் சிறுவர்கள், கண்டிப்பான கோச், முரட்டு மேயர், கடைசியில் வெற்றி என்ற வார்ப்புக்கு இந்தக் கதை மிக எளிதாகப் பொருந்திவிடுகிறது. அதனாலேயே அதில் உள்ள கடினமான பகுதிகள் பலர் கண்ணில் படாமல் போயின. விளையாட்டு அகதிகளைக் குணப்படுத்துகிறது என்ற சுருக்கமான முடிவோடு படித்தவர்கள் புத்தகத்தை மூடினார்கள். முஃப்லே அங்கே நிற்கவில்லை. மைதானத்தில் அவர் கண்டுபிடித்தது மருந்தைவிட நோயைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த நோய் பள்ளிக்கூடத்தில் இருந்தது.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அட்லாண்டாவுக்குக் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது கிளார்க்ஸ்டன். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 7,200 அளவில். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். இருபது ஆண்டு முன்னால், 1980இல், இது கிட்டத்தட்ட முழுக்க வெள்ளையர் ஊர். பக்கத்தில் இருக்கும் ஸ்டோன் மவுண்டன் குன்றின் மேல்தான் 1915இல் கூ க்ளக்ஸ் க்ளான் இயக்கம் இரண்டாம் முறையாக உயிர்பெற்றது. அப்படிப்பட்ட வட்டாரத்தில் இருபது ஆண்டுக்குள் இவ்வளவு நாட்டவர் எப்படிச் சேர்ந்தார்கள்?

பதில் வாடகைக் கணக்கில் இருக்கிறது. 1970களில், அட்லாண்டாவின் புறநகர் வளர்ந்தபோது, கிளார்க்ஸ்டனில் நடுத்தர வருவாய்க்காரர்களை நம்பி அடுக்குமாடிக் குடியிருப்புகள் வரிசையாகக் கட்டப்பட்டன. பத்து ஆண்டுக்குள் அவர்கள் இன்னும் தொலைவிலுள்ள புதிய புறநகர்களுக்கு வீடு வாங்கிப் போய்விட்டார்கள். வீடுகள் காலியாயின, வாடகை சரிந்தது, குற்றங்கள் கூடின. அதே காலத்தில் 1980ஆம் ஆண்டின் அகதிகள் சட்டம் அமலுக்கு வந்திருந்தது. ஜார்ஜியாக்காரரான அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அது. அகதியாக ஏற்கப்பட்டவர் எந்த ஊரில் குடியேற வேண்டும் என்பதை அந்த ஏற்பாட்டில் மீள்குடியமர்வு நிறுவனங்கள் தீர்மானிக்கும். அவை தேடியது மூன்று விஷயங்கள்: மலிவான வாடகை, கார் இல்லாதவருக்குப் பேருந்து அல்லது ரயில், ஆங்கிலம் தெரியாதவருக்கும் கிடைக்கும் வேலை. கிளார்க்ஸ்டனில் மூன்றும் இருந்தன. முதலில் வியட்நாமியரும் கம்போடியரும் வந்தார்கள், பிறகு பால்கன் நாட்டவர், பிறகு ஆப்பிரிக்கர்.

இந்த முடிவை எடுத்த யாரும் ஊராரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிளார்க்ஸ்டனின் பழைய குடிமக்களின் கசப்பைப் புரிந்துகொள்ள இது அவசியம். கசப்பு முழுவதும் இனவெறி என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. பள்ளிக்கூடம், காவல்துறை, மருத்துவமனை எல்லாவற்றிலும் பல மொழிகள் திடீரென்று வந்து நின்றன. அதற்குப் போதிய பணமோ ஆளோ ஊருக்குத் தரப்படவில்லை. முடிவு வாஷிங்டனிலும் நிறுவன அலுவலகங்களிலும் எடுக்கப்பட்டது, சுமை ஏழாயிரம் பேர் கொண்ட ஒரு நகராட்சியின் மேல் விழுந்தது. ஸ்வேனி இந்த மனத்தாங்கலின் அரசியல் பிரதிநிதி. அவரை வில்லனாக்கி முடித்துவிட்டால் இந்த அமைப்புப் பிழை மறைந்துவிடுகிறது. ஆனாலும் மைதானத்தைப் பூட்டியது பிழைதான். அகதிகளை அங்கே அனுப்பிய முடிவில் துளியும் பங்கில்லாத குழந்தைகள் மேல் அந்தக் கோபம் இறக்கப்பட்டது.

குடும்பங்களின் நிலையைப் பார்ப்போம். வந்திறங்கியதும் அரசு உதவியோடு நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும் தொடக்கக் காலம் பெரும்பாலும் 90 நாள். அதற்குள் வேலை தேடிக்கொள்ள வேண்டும். தாங்கள் ஏறி வந்த விமானத்தின் பயணச்செலவே கடனாகக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும், மாதாமாதம் கட்ட வேண்டும். கிடைத்த வேலை கோழியிறைச்சி ஆலைகளிலும் விடுதிகளிலும்தான். ஆலைகள் வெகுதூரத்தில். பல தாய்மார்கள் இரவு ஷிப்ட் போனார்கள். போரில் கணவனை இழந்தவர்கள், சிறையில் விட்டுவந்தவர்கள் அவர்களில் பலர். பள்ளி விட்டு வீடு வந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. குடியிருப்புகளைச் சுற்றி போதைப்பொருள் கும்பல்கள் வட்டமிட்டன. துப்பாக்கிச் சத்தத்திலிருந்து தப்பி வந்த பிள்ளைகள் புதிய ஊரிலும் அதைக் கேட்டார்கள். எனவே கிடைத்த இடத்தில், கார் நிறுத்தும் திடலில், ஒரு பழைய பந்தை வைத்து உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

2004இல் முஃப்லே வழிதவறித் தன் காரை அந்தத் திடல்களில் ஒன்றில் திருப்பியபோது கண்டது இதைத்தான். அரபு நாட்டுப் பொருள்கள் விற்கும் கடையைத் தேடிப் போனவர் அவர். கோல் கம்பம் இல்லை, சீருடை இல்லை, நடுவர் இல்லை. சிலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அம்மானில் தன் வீட்டருகே ஆடிய ஆட்டத்தை அப்படியே அங்கே பார்த்தார். இன்னொரு நாள் நல்ல பந்தோடு திரும்பி வந்து, தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அந்தக் கோடையிலேயே அணிக்கான தேர்வு நடந்தது.

முஃப்லேயும் புகலிடம் தேடியவர். அம்மானின் வசதியான வணிகக் குடும்பம் அவருடையது. பாட்டியின் குடும்பம் சிரியாவிலிருந்து வந்தது. எட்டு வயதில் அந்தப் பாட்டி அவரை ஒரு பாலஸ்தீன அகதி முகாமுக்கு அழைத்துப் போனார். அங்கே பிள்ளைகளோடு பந்து ஆடிவிட்டு வந்து, அவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது என்று சொன்ன பேத்தியிடம், பாவப்படாதே, அவர்களை நம்பு என்ற பொருளில் பாட்டி திருத்தினார். முஃப்லே இதைப் பொதுமேடையில் பல முறை சொல்லியிருக்கிறார். அவர் நடத்திய எல்லாவற்றுக்கும் அடியில் இந்த வாக்கியம் ஓடுவதைப் பார்க்கலாம். அம்மானில் அவர் படித்த அமெரிக்கப் பள்ளியில் வாலிபால் கற்பித்த ரோண்டா பிரவுன் என்ற பயிற்சியாளர் மிகக் கண்டிப்பானவர். அந்தக் கண்டிப்பை மாணவியாக முஃப்லே வெறுக்கவில்லை. தன்னிடம் ஒருவர் எதிர்பார்ப்பு வைத்திருக்கிறார் என்பதன் அடையாளமாக அதை எடுத்துக்கொண்டார். மாசசூசெட்ஸின் ஸ்மித் கல்லூரியில் 1997இல் பட்டம் பெற்றதும், ஊர் திரும்பப் போவதில்லை என்று முடிவெடுத்தார். தன்பால் ஈர்ப்புள்ளவர் என்ற நிலையில் ஜோர்டானில் பாதுகாப்பாக வாழ முடியாது என்பதால் அமெரிக்காவில் தஞ்சம் பெற்றார். குடும்பம் உறவை முறித்தது, பணமும் நின்றது. உணவகங்களில் வேலை செய்தார். பிறகு அட்லாண்டா அருகே டிக்கேட்டரில் ஒய்.எம்.சி.ஏ.வின் பெண்கள் அணிக்குக் கோச்சாக இருந்தபடி ஒரு சிற்றுண்டிக் கடையும் வைத்தார்.

பிள்ளைகளிடம் அவர் போட்ட நிபந்தனைகள் பிரபலமானவை. ஒவ்வொருவரும் ஓர் ஒப்பந்தத் தாளில் கையெழுத்திட வேண்டும். புகை, மது, போதை கூடாது. கெட்ட வார்த்தை கூடாது. நேரம் தவறக் கூடாது. தலைமுடி கோச்சின் முடியைவிடக் குறைவாக வெட்டியிருக்க வேண்டும். பயிற்சியில் ஆங்கிலம்தான் பேச வேண்டும். பயிற்சிக்கு முன் நடக்கும் பாட வகுப்புக்கு வராதவர் ஆட்டத்தில் இறங்க முடியாது. கேட்கும்போது சில கடுமையாகத் தோன்றும், முடி விதி அற்பமாகவும் தோன்றும். அவற்றின் பயனை ஒரு சம்பவம் விளக்குகிறது. தொடக்கத்தில் பயிற்சியின்போது பிள்ளைகள் நாட்டுக்கு நாடு, இனத்துக்கு இனம் தனித்தனிக் குழுவாகத்தான் நின்றார்கள். சூடானியர் ஒரு பக்கம், போஸ்னியர் ஒரு பக்கம். பந்தையும் தம்மவருக்கே தள்ளினார்கள். குழுக்களை முஃப்லே ஒவ்வொரு நாளும் கலைத்துப் போட்டார். பொதுவான விதியும் பொதுவான மொழியும் இல்லாத இடத்தில், யாருடைய பழக்கம் மேலோங்குவது என்ற சண்டை ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும். யாருடைய பழக்கமும் அல்லாத ஒரு விதி எல்லோருக்கும் சமதூரத்தில் நிற்கும். ஆட்டத்துக்கு முன் வட்டமாக நின்று ஒரு கிறிஸ்தவச் சிறுவனும் ஒரு முஸ்லிம் சிறுவனும் முறைவைத்துப் பிரார்த்தனையை நடத்தினார்கள், மற்றவர்கள் தலைகுனிந்து நின்றார்கள்.

சமூக உளவியலில் இதற்கு ஒரு பழைய கோட்பாடு உண்டு. 1954இல் வெளிவந்த ‘தி நேச்சர் ஆஃப் ப்ரெஜுடிஸ்’ நூலில் கார்டன் ஆல்போர்ட், பகைக் குழுக்கள் சந்தித்துப் பழகினால் மட்டும் வெறுப்பு குறைந்துவிடாது என்றார். சந்திப்பு பலன் தர நான்கு சூழ்நிலைகள் தேவை: சம நிலை, பொதுவான இலக்கு, போட்டியில்லாத ஒத்துழைப்பு, அதிகாரத்தில் உள்ளவரின் ஆதரவு. ஃப்யூஜீஸ் அணியின் உள்ளே பார்த்தால் நான்கும் உண்டு. அதிகாரத்தின் ஆதரவை முஃப்லேயே தந்தார். அணிக்கும் ஊருக்கும் இடையே பார்த்தால் நான்கில் ஒன்றுகூட இல்லை. ஒரே மைதானம் எவ்வளவு வித்தியாசமான இரண்டு சோதனைகளை ஒரே நேரத்தில் நடத்தியது என்பது இதிலிருந்து தெரியும்.

எதிரணிகள் எங்கிருந்து வந்தன என்பதையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் இளையோர் கால்பந்து தெருவில் வளர்ந்த ஆட்டமில்லை. புறநகர்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் செலுத்தி, தொழில்முறைப் பயிற்சியாளரை அமர்த்தி, வார இறுதிகளில் கார் ஓட்டிக்கொண்டு போய் ஆடவைக்கும் ஆட்டம் அது. அவர்களின் ஓரக்கோட்டில் மடக்கு நாற்காலியோடு பெற்றோர் வரிசையாக இருப்பார்கள். ஃப்யூஜீஸின் ஓரக்கோடு பெரும்பாலும் காலியாக இருந்தது, தாய்மார்கள் வேலையில் இருந்தார்கள். எதிரணிப் பிள்ளைகளும் பெற்றோரும் வசைச்சொல் வீசியதுண்டு. பிள்ளைகளை வீட்டில் இறக்கிவிட முஃப்லேயின் மஞ்சள் வோக்ஸ்வேகன் பீட்டில் காரே முதலில் போதுமானதாக இருந்தது, பிறகு ஒரு பேருந்து கிடைத்தது. பயிற்சிக்கு இண்டியன் க்ரீக் தொடக்கப்பள்ளியின் பின்னால் இருந்த ஒரு கட்டாந்தரை. சரளைக் கல்லும் உடைந்த கண்ணாடியும் சிதறிக் கிடந்த அதில் கோல் கம்பங்கள் இல்லாமலே ஆடினார்கள். 2006 அக்டோபரில் நகரமன்றம் பூங்கா மைதானத்தை ஆறு மாதத்துக்கு மட்டும் பயன்படுத்த அனுமதித்தது.

அதே இலையுதிர்காலத்தில், 15 வயதுக்குட்பட்டோர் அணியில் விதிமீறல் முற்றியது. முடிவெட்ட மறுத்தார்கள், பயிற்சியைத் துச்சமாக எடுத்தார்கள். முஃப்லே அந்த அணியின் பருவத்தை அப்படியே ரத்துசெய்தார். பின்னர் புதிதாகத் தேர்வு வைத்து அணியைத் திரும்பக் கட்டினார். எல்லோரும் திரும்பி வரவில்லை.

இந்த இடத்தில் நான் நீண்ட நேரம் தயங்கியிருக்கிறேன். கும்பல்கள் சுற்றிவரும் குடியிருப்பில், அணியின் தேவை மிக அதிகமாக இருந்த பையன்தான் பெரும்பாலும் விதியை மீறியவனாக இருப்பான். அவனை வெளியே விடுவது யாருக்கு நீதி? முடி நீளத்துக்காகவா ஒரு பருவத்தை இழப்பது? மறுபக்கமும் எளிதில் தள்ளக்கூடியதல்ல. போரில் வளர்ந்த பிள்ளைக்கு விதி என்பது வலியவன் அன்றைக்கு நினைத்தது. சோதனைச் சாவடியில் இருக்கும் துப்பாக்கிக்காரன் இன்று விட்ட வழியை நாளை அடைப்பான். சொன்னபடி நடக்கும் ஒரு பெரியவரை அவர்கள் பார்த்ததே அரிது. கோச் மிரட்டிவிட்டுப் பின்வாங்கியிருந்தால், மீண்டும் ஒருமுறை அதே பாடத்தைப் படித்திருப்பார்கள். சலுகை என்ற பெயரில் எதிர்பார்ப்பைக் குறைப்பதும் ஒருவகைக் கைவிடல்தான் என்பது முஃப்லேயின் பிடிவாதம். பாட்டி சொன்ன பாவப்படாதே என்பது இங்கேதான் நடைமுறையாகிறது. நான் பெரும்பாலும் அவர் பக்கம் நிற்கிறேன். ஆனால் திரும்பி வராதவர்களும் உண்டு, அந்த விலை உண்மையானது. வெளியேறும் பையனைப் பிடிக்க அந்த ஊரில் இரண்டாவது கை ஒன்று இல்லை. ஒரே ஒரு அணி, ஒரே ஒரு கோச் என்ற நிலையில் எந்தக் கண்டிப்பும் கூடுதல் கொடுமையாகிவிடுகிறது. பிழை கண்டிப்பில் இருப்பதைவிட அந்த ஒற்றைத்தன்மையில் இருக்கிறது.

கால்பந்து மனிதர்களைச் சேர்க்கிறதா என்பதை ஊகத்துக்கு விடாமல் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. சல்மா மூசா என்ற அரசியலறிஞர் வடக்கு இராக்கில் ஐ.எஸ். தாக்குதலால் இடம்பெயர்ந்த கிறிஸ்தவர்களிடையே இரண்டு மாதக் கால்பந்துத் தொடர் நடத்தினார். சில அணிகளில் கிறிஸ்தவர் மட்டும். சில அணிகளில், குலுக்கல் முறையில், முஸ்லிம் ஆட்டக்காரர்கள் சேர்க்கப்பட்டார்கள். 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த அவருடைய முடிவு இரண்டு பகுதியாக இருக்கிறது. முஸ்லிம்களோடு ஆடியவர்கள் அடுத்த பருவத்திலும் கலந்த அணியில் சேர விரும்பினார்கள், ஆறு மாதம் கழித்தும் சேர்ந்து பயிற்சி செய்தார்கள், எதிரணி முஸ்லிமுக்கு நல்ல விளையாட்டுக்காரர் விருது தரவும் முன்வந்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே அந்த மனமாற்றம் பரவவில்லை. முஸ்லிம்கள் பெரும்பான்மையான மொசூல் நகரத்து உணவகத்துக்குப் போய் வருவதிலோ கலந்த விழாவில் பங்கேற்பதிலோ பெரிய வித்தியாசம் ஏற்படவில்லை. தெரிந்தவரிடம் பிறந்த நம்பிக்கை தெரியாதவரிடம் போய்ச் சேரவில்லை.

ஆஸ்திரேலியாவில் ரமோன் ஸ்பாய் மெல்போர்னின் சோமாலிய அகதி இளைஞர்களின் கால்பந்தைப் பல ஆண்டுகள் கூர்ந்து ஆராய்ந்தார். சொந்தச் சமூகத்துக்குள் பிணைப்பை விளையாட்டு பலமாக்குகிறது. பரந்த சமூகத்தோடு பாலம் போடும் வேலையில் அதன் பலம் மிகக் குறைவு. ஆண், பெண் என்ற எல்லைகளையும் குல எல்லைகளையும் சில வேளை அது புதிதாக வரைந்துவிடுகிறது. அவர் 2010களில் வெளியிட்ட கட்டுரைகளின் சாரம் இது. விளையாட்டு எல்லாவற்றையும் சரிசெய்யும் என்ற பிரசாரத்துக்கு எதிரான மிக மரியாதையான பதில் இது.

கிளார்க்ஸ்டனோடு ஒப்பிட நல்ல இணை ஒன்றும் அமெரிக்காவிலேயே இருக்கிறது. மெயின் மாநிலத்தின் லூயிஸ்டன், பழைய நெசவாலை நகரம், 36,000 பேர் வரை வாழ்ந்த இடம். 2001 முதல் சோமாலியக் குடும்பங்கள் அங்கே வரத் தொடங்கின. 2002 அக்டோபரில் நகர மேயர் லாரியர் ரேமண்ட், வேகத்தைக் குறைக்குமாறு சோமாலியப் பெரியவர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அடுத்த ஜனவரியில் வெள்ளை இனவாதிகள் ஒரு சிறு கூட்டம் கூட்டினார்கள், அதற்கு எதிராக ஆயிரக்கணக்கான ஊர்மக்கள் திரண்டார்கள். லூயிஸ்டன் உயர்நிலைப் பள்ளி அணிக்கு மைக் மெக்ரா பல பத்தாண்டுகளாகக் கோச். அவர் அகதிகளுக்கென்று தனி அணி எதையும் கட்டவில்லை. வந்த பிள்ளைகளைப் பள்ளி அணியிலேயே சேர்த்தார். 2015 நவம்பரில் அந்த அணி ஒரு தோல்விகூட இல்லாமல் மாநிலச் சாம்பியனானது, இறுதிப் போட்டி 1-0. கூட்டத்தில் பழைய லூயிஸ்டனும் புதிய லூயிஸ்டனும் சேர்ந்து கத்தின. ஏமி பாஸ் 2018இல் எழுதிய ‘ஒன் கோல்’ என்ற நூல் இதை விவரமாகச் சொல்கிறது.

இரண்டையும் ஒப்பிடும்போது லூயிஸ்டன் சரி, கிளார்க்ஸ்டன் தவறு என்று முடிப்பது எளிது. பொது அமைப்பில் சேர்த்ததால் ஊரே பார்வையாளரானது, தனி அணி வைத்ததால் ஊர் விலகி நின்றது என்று வாதிடலாம். ஆனால் அது 14 ஆண்டுக் காலத்தை மறந்த வாதம். லூயிஸ்டனின் 2015 வெற்றி 2002இன் கடிதத்தை உடனே அழித்துவிடவில்லை. அங்கே சேர்ந்தவர்கள் பள்ளி அணிக்குத் தேர்வாகும் அளவுக்குத் திறமையுள்ளவர்கள். கிளார்க்ஸ்டனிலோ 10, 12 வயதில் அப்போதுதான் விமானத்திலிருந்து இறங்கியவர்கள். அவர்களை வரவேற்க ஒரு பொது அமைப்பும் தயாராக இல்லை, பூங்காவே பூட்டப்பட்டிருந்தது. சேர்க்க மறுக்கும் ஊரில், சேர்வதற்கு வலு பெறும்வரை தனியாக நிற்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம் எவ்வளவு காலம் தனியாக இருக்கலாம் என்பதே கேள்வி.

அந்தக் கேள்வி முஃப்லேயின் முன் பள்ளிக்கூட வடிவில் வந்தது. பாட வகுப்பில் அவர் கண்ட ஒன்று அவரை உலுக்கியது. சில ஆண்டுகள் அமெரிக்கப் பள்ளியில் படித்து உயர்நிலை வகுப்பை எட்டிய ஒரு பையனுக்கு வாசிக்கவே தெரியவில்லை. அவன் விதிவிலக்கு என்றால் பேச்சை அங்கே முடிக்கலாம். இல்லை. அமெரிக்கப் பள்ளிகளில் அகதிச் சிறாரைப் பெரும்பாலும் வயதுப்படி வகுப்பில் சேர்க்கிறார்கள். முகாமில் ஐந்து, ஆறு ஆண்டு கழித்த 13 வயதுப் பிள்ளை ஏழாம் வகுப்பில் போய் உட்காரும். எந்த மொழியிலும் எழுத்தறியாத பிள்ளைக்கு, எழுத்தையும் புதிய மொழியையும் சேர்த்துக் கற்கும் இரட்டைச் சுமை. ஏழாம் வகுப்பு ஆசிரியரோ வரலாறும் அறிவியலும் கற்பிக்கப் பயிற்சி பெற்றவர். எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்பிப்பது தொடக்கப்பள்ளி ஆசிரியரின் திறன். அதனால் அந்தப் பிள்ளை அமைதியாக உட்கார்ந்து, ஆண்டுதோறும் மேலே தள்ளப்பட்டு, ஒருநாள் பள்ளியை விட்டு நழுவும். தொந்தரவு கொடுக்காத பிள்ளையின் தோல்வி எவர் கண்ணிலும் படுவதில்லை. கால்பந்து அணியில்தான் அது வெளிப்பட்டது, ஏனென்றால் வகுப்புக்கு வந்தால்தான் ஆட முடியும் என்ற விதி இருந்தது. முடி விதியோடு சேர்த்து எழுதப்பட்ட அந்த ஒரு விதியே பின்னால் வந்த அனைத்துக்கும் அடித்தளம்.

பிரச்சினையின் அளவு ஒரு ஊரோடு நிற்பதல்ல. ஐ.நா. அகதிகள் ஆணையம் 2023இல் வெளியிட்ட கல்வி அறிக்கையின்படி, உலகில் பள்ளி வயதில் இருந்த அகதிச் சிறார் ஏறக்குறைய 1 கோடியே 48 லட்சம் பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பள்ளிக்கூடத்துக்கு வெளியே. இவர்களில் ஒரு மிகச் சிறு பகுதியினரே செல்வ நாடுகளில் மீள்குடியமர்த்தப்படுகிறார்கள். அவர்களே வகுப்பறையில் தொலைந்தால், மற்றவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

2007இல் முஃப்லே ஃப்யூஜீஸ் அகாடமியைத் தொடங்கினார். ஒருசில பிள்ளைகள், இரவல் அறைகள் என்ற தொடக்கம். அதன் ஒழுங்குமுறை அணியின் ஒழுங்குமுறையை ஒத்தது: வகுப்பு வயதைப் பொறுத்ததல்ல, எழுத்தறிவைப் பொறுத்தது. ஒவ்வொரு நாளும் எல்லோரும் கால்பந்து ஆட வேண்டும். இசையும் ஓவியமும் உண்டு. பின்னர் பெண்பிள்ளைகள் அணியும் வகுப்பும் சேர்ந்தன. தாய்மார்களுக்கு நியாயமான ஊதியம் தர ஒரு துப்புரவு நிறுவனத்தையும் அவர் ஏற்கெனவே தொடங்கியிருந்தார், ஏனெனில் இரவு ஷிப்ட் போகும் தாயைச் சரிசெய்யாமல் பகலில் பிள்ளையை மட்டும் சரிசெய்ய இயலாது. சிற்றுண்டிக் கடை அதற்கு முன்னரே மூடப்பட்டிருந்தது. 2016இல் சி.என்.என். தொலைக்காட்சி அந்த ஆண்டின் பத்து நாயகர்களில் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தது. 2018இல் ஒஹையோவின் கொலம்பஸில் இரண்டாம் பள்ளி தொடங்கியது. இந்தப் பள்ளிகளின் அனுபவத்தை 2022இல் ‘லேர்னிங் அமெரிக்கா’ என்ற நூலாக எழுதினார்.

தனிப்பள்ளிக்கு எதிரான வாதத்தை லேசாக எடுக்கக் கூடாது. 1954இல் பிரவுன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாணவர்களை நிறத்தால் பிரித்து வைத்துக் கல்வி தருவது சமத்துவமாகாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைக் கடைசி வரை எதிர்த்த மாநிலங்களில் ஜார்ஜியாவும் ஒன்று. அதே மண்ணில் ஒரு பிரிவினருக்கெனத் தனிப்பள்ளி வைப்பது பலரை உறுத்துவது இயல்பு. தனியார் நன்கொடையில் நடக்கும் பள்ளி அரசின் கடமையைத் தன் தோளில் எடுத்துக்கொண்டு அரசைத் தப்பவிடுகிறது என்ற வாதமும் உண்டு, அது எனக்கு மேலும் வலுவானதாகப் படுகிறது. இருந்தும் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் விளங்காமல் இருப்பதற்குச் சமத்துவம் என்று பெயர் வைக்க முடியவில்லை. பிரவுன் தீர்ப்பு எதிர்த்தது பிரித்து வைத்துக் குறைவாகத் தருவதை. இங்கே பிள்ளைகள் சேர்த்து வைக்கப்பட்டுக் குறைவாகப் பெற்றுக்கொண்டிருந்தார்கள்.

கிளார்க்ஸ்டன் பிறகு மாறியது. 2013இல் டெட் டெர்ரி என்ற இளைஞர் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், அகதிகளை ஊரின் பலம் என்று வெளிப்படையாகப் பேசினார். பழைய பாப்டிஸ்ட் தேவாலயம் ஒன்று பன்னாட்டினர் தொழும் தேவாலயமாகத் தன் பெயரையே மாற்றிக்கொண்டது, அது ஸ்வேனி காலத்திலேயே நடந்தது. ஊர் தன் வேகத்தில் கற்றுக்கொண்டது. வாஷிங்டனோ எதிர்த்திசையில் போனது. 2016 நிதியாண்டில் 85,000 அளவில் இருந்த அகதிகள் வரவு 2020இல் 12,000க்கும் கீழே சரிந்தது. 2024இல் மீண்டும் ஒரு லட்சத்தை எட்டியது. 2025 ஜனவரியில் அதிபர் ட்ரம்ப் அகதிகள் வருகைத் திட்டத்தையே நிறுத்திவைத்தார்.

முஃப்லேயின் அமைப்பு இப்போது செய்யும் வேலை அந்த இரண்டாம் வாதத்துக்கு, அரசைத் தப்பவிடுகிறது என்ற வாதத்துக்கு, பதில் சொல்வதுபோல் அமைந்திருக்கிறது. தனிப்பள்ளிகளை மேலும் மேலும் கட்டிக்கொண்டு போவதைவிட, அரசுப் பள்ளி நிர்வாகங்களோடு சேர்ந்து தங்கள் முறையை அவற்றுக்குள் வைக்க முயல்கிறார்கள். கென்டக்கி மாநிலத்தின் பௌலிங் கிரீன் நகரம் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. எழுத்தறிவுப்படி வகுப்பு, தினமும் கால்பந்து, சில ஆண்டில் பொதுப்பள்ளிக்குத் திரும்புதல் என்பது திட்டம். வருகை நிறுத்தப்பட்டதால் இந்த வேலை முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2023இலும் 2024இலும் வந்திறங்கிய பிள்ளைகள் இப்போது அமெரிக்க வகுப்பறைகளில் இருக்கிறார்கள். பெரும்பாலான மாநிலங்களில் இலவசப் பள்ளிக் கல்வியின் உரிமை 20, 21 வயதோடு முடிகிறது. எழுத்தறியாமல் 15 வயதில் ஒன்பதாம் வகுப்பில் உட்கார வைக்கப்பட்ட ஒருவருக்கு, வாசிக்கத் தொடங்கிப் பள்ளியிறுதிச் சான்றிதழ் வரை போய்ச் சேர, ஐந்தாறு ஆண்டுதான் மிச்சம்.